மேகத்தின் மீது போட்ட பழி

போன மாதம் எங்கள் மொட்டை மாடிக் கம்பத்தில் இருந்த கடைசி ஒயர்லெஸ் டிஷ்ஷையும் கழற்றிக் கீழே இறக்கினேன். ஆரணியில் இப்போது தெருவுக்குத் தெரு கரண்ட் கம்பத்தில் ஃபைபர் கேபிள் தொங்குகிறது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. கட் ஆனால் எங்கேயோ பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போய் ஒட்டினால் தீர்ந்தது. அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, யாரோடும் சண்டை போடவும் வழியில்லை. எனக்கு அதுதான் சப்பென்று இருக்கிறது.

பத்து வருடத்துக்கு மேல் நான் இந்த ஊருக்குக் காற்றிலேயே இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு மாடியில் ஓர் உயரமான கம்பம், அதில் நாலு பக்கமும் பார்த்தபடி ஆன்டெனாக்கள். கஸ்டமர் வீட்டு மாடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் போதும். அதனால் என் பாதி வாழ்க்கை அடுத்தவர் வீட்டு மாடியில்தான் கழிந்தது. எந்த வீட்டு ஏணி ஆடும், எந்த வீட்டில் ஏறிய கையோடு மோர் வரும், எந்த வீட்டில் கொடியில் காயும் பட்டுநூலுக்கு ஒதுங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காலையில் மேலே ஏறி நின்றால் அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நிறமுமாக மாடிக்கு மாடி நூல் காயும். கீழே விசைத்தறி ஓடும் சத்தம். தூரத்தில் படவேட்டுப் பக்கம் ஜவ்வாது மலை. இப்போது அந்த மாடிகளுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நினைத்தால் நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

இறக்கிய டிஷ்ஷை வைக்க இடம் தேடி பீரோவைத் திறந்தபோது அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. ஸ்பெக்ட்ரம் அனலைசர். கையில் தூக்கிக்கொண்டு போகிற ரகம், செங்கல் அளவு இருக்கும். ஆன்டெனாவை மாட்டி ஆன் செய்தால், நம்மைச் சுற்றிக் காற்றில் ஓடும் ரேடியோ அலைகளெல்லாம் திரையில் கோடுகளாக எழும்பும். பலமான அலை என்றால் கோடு உயரமாக நிற்கும். சென்னையில் டவர் வேலை பார்த்துவிட்டுத் தொழிலை விட்டுப் போன ஒருவரிடம் பழசாக வாங்கினேன். வாங்கிய முதல் வாரம் சோறு தண்ணி இல்லாமல் அதோடுதான் சுற்றினேன். வெறும் காற்று என்று நாம் நினைக்கிற இடத்தில் இவ்வளவு நெரிசலா என்று அப்படி ஓர் ஆச்சரியம். தெருவில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால், டிரெயினேஜ் அளக்க வந்தீங்களா என்று ஒருத்தர் கேட்பார், தங்கம் தேடுற மெஷினா என்று இன்னொருத்தர் கேட்பார். தங்கம் கிடைத்தால் உங்களுக்கும் பங்கு என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

அந்தப் பெட்டி எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததிலேயே மறக்க முடியாதது ஒன்று உண்டு. அது ஒரு சாயக்காரர் வீட்டில் நடந்தது.

அவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சாயப்பட்டறை. வீட்டு மாடியில் ஓர் அறை, அதில் அவர் மகளின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், காதில் மாட்டும் ஹெட்செட். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பேப்பர்களைச் சரிபார்க்கும் ஒரு பெங்களூர் கம்பெனியில் அவளுக்கு வேலை. விடிந்ததும் உட்கார்ந்தால் மதியம்வரை அந்த ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். கணவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுடைய அம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அந்த மாடி அறை இருந்ததால்தான் அவளால் வேலைக்கும் போக முடிந்தது, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது.

அந்த வருடம் ஆடி பிறந்ததிலிருந்து அவளுடைய லைன் கட் ஆக ஆரம்பித்தது. ஒரேயடியாகப் போவதில்லை. அரை நிமிஷம் போகும், வரும், மறுபடி போகும். எதிர்முனையில் பேசுகிறவருக்கு இவள் திடீரென்று ஊமையாகிவிடுவாள்.

"அண்ணா, இன்னிக்கும் மூணு தடவ கட். பேசிகினு இருக்கும்போதே போயிடுது. அந்தம்மா ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சிட்டாங்க."

"நம்ம சைடு எல்லாம் சரியா கீதும்மா. வானம் மப்பா கீது பாரு. மேகம் வந்தா சிக்னல் அப்படித்தான் டல்லாவும்."

எனக்கு ஒரு கெட்ட குணம். என்ன கோளாறு என்றாலும் என் வாயில் முதலில் வருவது, நம்ம சைடு சரியா இருக்கு என்பதுதான். மூக்குக்கு மேல் கோபம் வேறு. இருந்தாலும் அவள் வீட்டுக்கு நாலைந்து தடவை போனேன். ரவுட்டரை மாற்றினேன். லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் இழுத்தேன். டிஷ்ஷை ஒரு விரல் இப்படியும் ஒரு விரல் அப்படியும் திருப்பினேன். நான் போகும்போதெல்லாம் வெயில் அடித்தது, லைனும் ஜோராக ஓடியது. அதனால் மேகம்தான் காரணம் என்று எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஊரில் வேறு யாராவது புகார் சொன்னால் அவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்பினேன்.

ஒருநாள் அவள் தன் நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை கட் ஆனது, அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பின்னாலேயே போன் வந்தது.

"நல்லா பாருங்கண்ணா. வெயில் அடிச்சா கட் ஆவல. மப்பா இருந்தா கட் ஆவுது. சரி, ஒத்துக்கறேன். ஆனா போன வாரம் மூணு நாள் கொட்டு கொட்டுனு மழை கொட்டிச்சே, அப்ப ஒரு தடவகூட கட் ஆவல. மேகத்துக்கே கட் ஆனா மழைக்கு எத்தினி கட் ஆவணும்?"

அவள் சொன்ன மூன்று நாளையும் நோட்டுப் படத்தில் தேடிப் பார்த்தேன். மூன்றிலும் பூஜ்யம்தான்.

"அண்ணா, கம்பெனில மெயில் போட்டுட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாவலன்னா வீட்லேர்ந்து வேலை கிடையாதாம். பெங்களூருக்கு வரணும், இல்லனா எழுதிக் குடுத்துட்டுப் போகணும். பாப்பாவ விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். மாசக் கடைசிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அடுத்த மேகமூட்டத்துக்குப் பெட்டியோடு வருகிறேன் என்றேன். வெயிலுக்கும் மழைக்கும் காத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் மப்புக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் காலையில் வானம் மூடிக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். ஐந்தே நிமிஷம்தான். திரையில் எங்கள் டிஷ் பேசுகிற அலை தெரியும் அதே இடத்தில், சோறு பொங்குகிற மாதிரி ஒரு மேடு எழும்பியது. அரை நிமிஷம் நின்றது, அமுங்கியது. மாடியிலிருந்து அவள் ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது. திரும்பினால் எதிர்வீட்டில் விசைத்தறி. பத்துத் தறி, பத்து மோட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. நேரே உள்ளே போய், உங்க மோட்டாராலதான் ஒரு பொண்ணு வேலை போவப்போவுது என்று கத்திவிட்டேன்.

தறிக்காரர் என்னைவிடக் கோபக்காரர். "என் தறியா? இரு, மொத்தத்தையும் நிறுத்தறேன். நீ உன் பெட்டியப் பாரு" என்று மெயின் சுவிட்சையே அணைத்தார். தெருவே திடீரென்று அமைதியாகிவிட்டது. தறி நெய்கிற ஆட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து என் திரையை எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த அமைதியில் அந்த மேடு மறுபடி அழகாக எழுந்து அரை நிமிஷம் நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டுச் சாயக்காரரும் தன் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"இவன் மிஷின் ஓட்டை. அத மூடிமறைக்க மொதல்ல மேகத்த சொன்னான், இப்ப தறிய சொல்றான். ஊர்ல இருக்கறவன் மேல எல்லாம் பழி போட்டுகினு திரியறான். ஒரே பேஜார். இவன வெச்சிகினு எம்பொண்ணு வேலைய தொலைக்கணுமா?"

தெருவே கேட்கும்படி சொன்னார். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து, அதே தெருவில், அதே வாசலில், அந்த மனிதரை நிற்கவைத்துச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். அவள் வேலையைக் காப்பாற்றுவது எனக்கு எவ்வளவு முக்கியமோ, அதுவும் அந்த அளவுக்கு முக்கியமாகிவிட்டது. பொய் சொல்வானேன், கொஞ்சம் கூடுதலாகவே முக்கியமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி மேகமூட்டம். இந்தத் தடவை ஒரே திசையை மட்டும் பார்க்கிற தட்டை ஆன்டெனாவைப் பெட்டியில் மாட்டி, அவர்கள் வீட்டு மாடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். மேடு எழும்பும்போதெல்லாம் ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பினேன். தறிக்காரர் பக்கம் பார்த்தால் கோடு குட்டை. கோயில் பக்கம் பார்த்தாலும் குட்டை. கண்ணமங்கலம் ரோட்டுப் பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். சலித்துப்போய் ஆன்டெனாவைக் கீழே தொங்கவிட்டபோது கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. நேர் கீழே சாயப்பட்டறையின் தகரக் கூரை.

இறங்கிப் போனேன். சாயக்காரர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். முழங்கைவரை கைகள் ஊதா. அண்டாவில் நூல் சாயத்தில் கிடந்தது. அதிலிருந்து நாலு இழையைக் கிள்ளிப் பிழிந்து, ஒரு சாசரில் வைத்து, சுவர் ஓரமாக இருந்த மைக்ரோவேவ் ஓவனுக்குள் தள்ளினார். அதன் கதவு சரியாக மூடவில்லை. சாய ஆவியில் கீல் துருப்பிடித்துப் போயிருந்தது. ஒரு துணிக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு பட்டனை அழுத்தினார். என் கையில் இருந்த பெட்டி முழுக்க ஒரே மேடு. மாடியில் அவள் பேச்சு பாதியில் நின்றது.

சாயம் போடுகிறவர்களுக்கு ஈர நூலில் நிறம் தெரியாது. ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். கடைக்காரர் கொடுத்த மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நாலு இழையைக் காயவைத்தாக வேண்டும். வெயில் அடித்தால் முற்றத்தில் ஒரு நிமிஷம் காட்டினால் போதும். கொட்டும் மழையில் நூல் காயாது என்பதால் சாய வேலையே கிடையாது. மப்பு நாளில்தான் வேலை நடக்கும், வெயில் இருக்காது. அன்றைக்குத்தான் ஓவன். பாவம் மேகம், அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்தது.

நான் திரையைக் காட்டினேன். ஓவனை நிறுத்தச் சொன்னேன், மறுபடி போடச் சொன்னேன். ஓவன்ல ஓடுற அதே அலையிலதான் உங்க மாடி டிஷ்ஷும் பேசுது, அது கதவு இடுக்கு வழியா வெளிய வந்து டிஷ்ஷ அமுக்கிடுது என்றேன். நான் நினைத்தபடி சத்தம் போட்டுச் சொல்ல முடியவில்லை. அவர் முகம் அப்படி ஆகிவிட்டது.

"எத்தினி நாளா தம்பி?"

"எத்தினி தடவ நீங்க போட்டீங்களோ அத்தினி தடவயும்யா."

ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். "இது அவ மொத சம்பளத்துல வாங்கினது. இஸ்திரிப் பெட்டில வெச்சித் தேய்ச்சித் தேய்ச்சி வெரல் சுட்டுக்கறீங்களேன்னு எனக்குன்னு வாங்கினா. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவேன்" என்றார். ஊதாக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான் பாட்டுக்கு உன்னக் கரிச்சிக் கொட்டிகினு இருந்தேன். அவ பொழப்புல மண்ணப் போட்டது நானா? அவகிட்ட மட்டும் சொல்லிடாத தம்பி. அவ வாங்கிக் குடுத்ததாலன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

தெருவில் நிற்கவைத்துச் சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாய்ப் போனது. சரிங்கய்யா என்றேன். அவளிடம் போய், என் பழைய மிஷினில்தான் கோளாறு, சரி செய்துவிட்டேன் என்று சொன்னேன்.

"இத்தினி நாளா மேகம் மேகம்னு சொன்னீங்களேண்ணா!" என்று அவள் பிடித்துக்கொண்டாள். நான் செய்யாத தப்புக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். எதிர்வீட்டுத் தறிக்காரர் வேறு என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னா மோட்டார நிறுத்தட்டுமா என்று கேட்டு வெறுப்பேற்றினார்.

அதன் பிறகு பத்து நாள் லைன் ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. வானம் மூடியிருந்த நாட்களிலும் அப்படித்தான். மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் சந்தோஷம்.

"அண்ணா, ஒரு விஷயம். அப்பா ஓவன பரண்ல ஏத்திட்டாரு. ரிப்பேராம். மறுபடி இஸ்திரிப் பெட்டி, மறுபடி வெரல்ல கொப்புளம். அதான் புதுசா ஒன்னு ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வந்துடும். நீங்க வந்து ப்ளக் பாயின்ட் மட்டும் பாத்துக் குடுங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அப்பா மகளிடம் சொல்லாதே என்கிறார், மகள் அப்பாவிடம் சொல்லாதே என்கிறாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். புது ஓவனுக்குக் கதவு இறுக்கமாக இருக்கும், அலை குறைவாகத்தான் கசியும். ஆனால் குறைவு என்பதை நம்பி அவள் வேலையைப் பணயம் வைக்க முடியாது. மாசக் கடைசியில் ஒரே ஒரு கட் போதும், பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தத் தெருவில் நான் பழைய மாடல் டிஷ்தான் போட்டிருந்தேன், ஓவன் அலையும் அது பேசும் அலையும் ஒன்று. வேறு அலையில் பேசும் புது டிஷ் ஒரே ஒரு ஜோடி என்னிடம் இருந்தது. கண்ணமங்கலம் ரோட்டில் ஓர் அரிசி ஆலைக்குப் போடுவதாக வாக்குக் கொடுத்து எடுத்து வைத்திருந்தேன். அரிசி ஆலைக்காரருக்கு ஸ்டாக் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றை என் கம்பத்திலும் இன்னொன்றை அவள் மாடியிலும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் முழுக்க மப்பு. ஓவன் காலையிலேயே வந்து இறங்கியது. அவளே அதைப் பிரித்து, பட்டறையில் பழைய இடத்தில் வைத்து, கதவைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மாடிக்கு ஓடினாள். நான் பெட்டியோடு ஓரமாக நின்றிருந்தேன். சாயக்காரர் சாசரில் நாலு இழையை வைத்துக்கொண்டு ஓவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே அவள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வாணாம் தம்பி. அவ பேசிகினு கீறா."

"போடுங்கய்யா. நான் சொல்றேன்ல."

அவள் பேசி முடிக்கட்டும் என்று சாசரோடு நின்றார். பிறகு பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டனை அழுத்தினார். என் திரையில் பழைய அலையில் மேடு எழுந்தது, பழையதைவிடச் சின்னது. புது அலைப் பக்கம் எதுவும் அசையவில்லை. மேலே அவள் பேச்சு நிற்கவில்லை. யாரோ அங்கே ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள், பதில் சொன்னாள், நம்பர் ஒன்றைப் படித்துக் காட்டினாள். ஓவன் பீப் அடித்து நின்ற பிறகும் அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். அந்த மாதக் கடைசியிலும் கம்பெனியிலிருந்து எந்த மெயிலும் வரவில்லை. இன்றைக்கும் அதே மாடி அறையில்தான் வேலை பார்க்கிறாள்.

சாயக்காரர் இழைகளை வெளியே எடுத்தார். மாதிரித் துண்டோடு வைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அவற்றை அண்டா விளிம்பில் போட்டுவிட்டு, வெறும் சாசரை உள்ளே வைத்துக் கதவை மூடி, மறுபடி பட்டனை அழுத்தினார். கூரைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த அரை நிமிஷம் முடிந்ததும் இன்னொரு தடவை அழுத்தினார்.

காலியா ஓட்டினால் ஓவன் கெட்டுவிடும்யா என்று எனக்கு வாய்வரை வந்தது. பெட்டியை அணைத்துவிட்டு நானும் கூரைப் பக்கம் காதைக் கொடுத்தேன்.